மானியம் தருகிறார்களாம்!

கோயிலிலே ஒருவர் மந்திரம் ஓதுகிறார். எதிரே ஒருவர் கைகட்டி, வாய்பொத்தி நிற்கிறார். ஓதுவது இன்னதென்று நிற்பவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் எழுவதில்லை. புரியாததிலேதான் மகிமை இருக்கிறது என்று பல தலைமுறையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இக்காட்சியைக் கண்டு நகைக்கப் பகுத்தறிவாளருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், இதே காட்சி மருத்துவமனையிலே நடைபெற்றால்?

நடைபெறுகிறது. அதுவும் எங்கே? அமெரிக்க ஐக்கிய நாட்டிலே! சந்திரனில் காலடி வைத்த நாடு. மருத்துவ விஞ்ஞானத்தில் முன்வரிசையில் நிற்கும் நாடு. அங்கே வெள்ளை அங்கி அணிந்த டாக்டர் ஆங்கிலத்தில் பேசுகிறார். எதிரே அமர்ந்திருப்பவர் மெக்சிகோவிலிருந்து வந்த தாயாக இருக்கலாம்; வியட்நாமிலிருந்து வந்த முதியவராக இருக்கலாம். சொல்வது விளங்கவில்லை. எனினும் தலையசைக்கிறார். அவருக்குத் தெரிந்த மரியாதை அது. நுண்ணோக்காடி கொண்டு கிருமியைக் கண்டறிந்த அறிவியல், அந்த அறைக்குள்ளே மந்திரமாகிவிடுகிறது. டாக்டர், தாம் விரும்பாமலேயே, பூசாரியாகிவிடுகிறார். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச இயலாதோர் அந்நாட்டில் 2½ கோடிப் பேருக்கு மேல்.

இவர்களுக்காக அரசு ஒன்றுமே செய்யவில்லையா என்றால், செய்தது. 1985ஆம் ஆண்டு, அந்நாட்டுச் சுகாதாரத்துறைச் செயலாளர் மார்கரெட் ஹெக்லர் ஓர் அறிக்கை வெளியிட்டார். வெள்ளையருக்கு வாய்த்திருக்கும் நலம் கறுப்பினத்தாருக்கும் பிற சிறுபான்மையினருக்கும் வாய்த்திருந்தால், ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 சாவுகள் நேர்ந்திரா என்று அந்த அறிக்கை கணக்குக் காட்டிற்று. அடுத்த ஆண்டு, சிறுபான்மையினர் நல்வாழ்வுக்கென ஓர் அலுவலகம் பிறந்தது. 1990இல் சட்டம் வந்தது. 1993இல் இருமொழிச் சேவைகளுக்கென மானியம் வந்தது. சிறுபான்மை மக்களின் அமைப்புகள், மருத்துவ நிலையங்களோடு கைகோத்து, மக்கள் மொழியிலேயே நல்வாழ்வுப் பணியாற்றப் பணம் கொடுத்தார்கள். 'மாதிரித் திட்டம்' என்று அதற்குப் பெயர். தன் மொழியில் சொன்னால் மனிதனுக்கு விளங்கும் என்பதை மெய்ப்பித்துக் காட்ட மாதிரித் திட்டமாம்! நல்ல வேடிக்கை.

மானியம் என்ற சொல்லையே சற்று எண்ணிப் பாருங்கள். மன்னர் காலத்துச் சொல் அது. அரசன் மனங்குளிர்ந்தால் நிலம் வரும். அடுத்து வருபவன் முகஞ்சுளித்தால் நிலம் போகும். பெற்றவன் வாழ்த்துப் பாடவேண்டும். அடுத்த ஆண்டும் வேண்டுமே! அந்தப் பணத்தைக் கொண்டு பாடுபட்ட மொழிபெயர்ப்பாளரையும் சமூக ஊழியரையும் நாம் குறைகூறவில்லை. அவர்களால் பிழைத்தோர் உண்டு. நாம் கேட்பது வேறு. நோயாளிக்கு விளங்கும் மொழியில் பேசுவது, மருத்துவம் என்ற மாளிகைக்கு மேலே பூசும் வண்ணமா? அல்லது அஸ்திவாரத்தைச் சேர்ந்ததா? வண்ணமென்றால் மானியம் போதும். பணமிருந்தால் பூசலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். அஸ்திவாரமென்றால்?

1980ஆம் ஆண்டு, ஃபுளோரிடா மாநிலம். 18 வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறான். உடன் வந்தோர், உண்டது ஏதோ ஒத்துக்கொள்ளாமல் நஞ்சாகிவிட்டது என்ற பொருளில் 'இன்டாக்சிகாடோ' என்ற ஸ்பானியச் சொல்லைச் சொல்கிறார்கள். ஆங்கிலக் காதிலே அது 'இன்டாக்சிகேட்டட்' என்று விழுகிறது. போதைக்காரன் என்று முடிவுகட்டி, போதைமருந்தை அளவுமீறி உட்கொண்டவனுக்குரிய சிகிச்சை நடக்கிறது. உள்ளே மூளையில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது! உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. கையும் காலும் நான்கும் செயலிழந்தன. அவன் நெடுங்காலம் வாழ்ந்தால் மொத்தம் 7 கோடி டாலரைத் தாண்டும்படியான இழப்பீடு பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. கத்தியும் இருந்தது, கருவியும் இருந்தது, படித்த டாக்டரும் இருந்தார். இல்லாதது ஒரு சொல்லின் பொருள்!

இது தவறுதலாக நேர்ந்தது என்பார்கள். சரி, தவறுதல் என்று தள்ளமுடியாத ஒன்றைச் சொல்கிறோம். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டப் பெரிய மருத்துவமனை. 1970ஐ ஒட்டிய ஆண்டுகள். ஏழை மக்களின் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மத்திய அரசின் பணம் பாய்ந்துகொண்டிருந்த காலம். பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்த மெக்சிகப் பெண்களிடம் தாள் நீட்டப்பட்டது. ஆங்கிலத் தாள்! அதைப் படிக்கத் தெரியாத பெண்கள். வலியில் உணர்வு மங்கிய நேரம். கையெழுத்திட்டார்கள். மகப்பேறு முடிந்தது, கூடவே இனி மகப்பேறே இல்லையென்பதும் முடிந்தது. கருத்தடை செய்யப்பட்டுவிட்டதென்பதைப் பின்னரே அறிந்து திடுக்கிட்டோர் அவர்களில் உண்டு. பத்துப் பெண்கள் 1975இல் வழக்குத் தொடுத்தார்கள். 1978இல் நீதிபதி ஜெஸ்ஸி கர்ட்டிஸ், டாக்டர்கள் நல்லெண்ணத்தோடுதான் நடந்துகொண்டனர், நோயாளிக்கும் டாக்டருக்கும் இடையே பேச்சு முறிந்துபோனதன் விளைவு இது என்ற கருத்தில் தீர்ப்பளித்தார். பேச்சு முறிந்ததாம்! முறிந்தது பேச்சு, அறுக்கப்பட்டது யாருடைய வயிறு? பேச்சு முறிந்ததற்கு இரு தரப்பும் பொறுப்பு. விளைவை அனுபவிப்பது மட்டும் ஒரே தரப்பு. இந்த நியாயத்தை எந்தத் தராசில் நிறுத்தார்களோ, நாமறியோம்.

இங்கேதான் தத்துவப் பிரச்னை தலைதூக்குகிறது. இசைவு என்பது என்ன? தலையை அசைப்பதா, தாளில் கோடு கிழிப்பதா? அறிவு உணர்ந்து, உள்ளம் ஒப்பி, 'ஆம்' என்று சொல்வதே இசைவு. பொருள் விளங்காதவன் 'ஆம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை, அவன் பேசவேயில்லை. அவன் உடலின் மீது வைக்கப்படும் கத்தி, எத்துணைக் கருணையுள்ள கையில் இருந்தபோதிலும், அவன் அனுமதி பெற்ற கத்தியல்ல. விளங்கச் சொல்வது இனிமைக்காக அல்ல, மரியாதைக்காகக்கூட அல்ல. விளங்கச் சொன்ன பிறகுதான் டாக்டருக்குத் தொடும் உரிமையே பிறக்கிறது. வழக்கிலே பெண்கள் தோற்றார்கள்; ஆனால் அதே ஆண்டு மத்திய அரசு வகுத்த விதி, மத்திய அரசின் பணத்தில் நடக்கும் கருத்தடைக்கு முன் 30 நாள் இடைவெளி வேண்டும், படிவத்தின் மொழி அறியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றது. மாவட்ட நிர்வாகம் மன்னிப்புக் கோரியது 2018இல். நாற்பது ஆண்டு!

"இவ்வளவு வாதம் எதற்கு? வந்த நாட்டு மொழியை அவர்கள் கற்றுக்கொண்டால் போகிறது" என்பர் சிலர். கற்கட்டும், நன்றாகக் கற்கட்டும். பகலெல்லாம் வயலிலும் பட்டறையிலும் உழைத்துவிட்டு இரவிலே பாடம் படிப்போர் ஏராளம். ஆனால், நெஞ்சுவலி இலக்கணப் பாடம் முடியும்வரை காத்திருக்குமா? வேற்றுமொழியில் காய்கறி விலை பேசலாம். குடலைப் பிசையும் வலி எப்படிப்பட்டது என்று சொல்லத் தாய்மொழியிலேயே சொல் தேடவேண்டியிருக்கிறதே!

அதுமட்டுமல்ல. வந்தவர் என்கிறார்களே, வராதவர் கதை என்ன? நவஹோ மக்கள் எங்கிருந்தும் குடியேறியவரல்லர். ஆங்கிலம் அம்மண்ணில் கேட்பதற்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளியிலே தம் மொழியைப் பேசினால் தண்டித்தார்கள். 1942இல் ஜப்பானோடு போர் மூண்டிருந்தபோதோ, அதே மொழி அரசுக்கு அரும்பொருளாயிற்று. 29 நவஹோ இளைஞரைச் சேர்த்து, அம்மொழியிலேயே இரகசியக் குறியீடு அமைத்தார்கள். போர் முடியும்வரை பகைவரால் அதை உடைக்க முடியவில்லை. போர்க்களத்தில் பொக்கிஷம், மருத்துவமனையில் பாரம்! அதே மக்களிடையே 1951இல் பழங்குடி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் ஆனி வானிகா என்ற மாதரசி. காசநோய் அம்மக்களை அரித்துத் தின்றுகொண்டிருந்தது. வீடு வீடாகச் சென்று, கண்ணுக்குத் தெரியாத கிருமி எப்படி நோய் தருகிறது என்பதை நவஹோ மொழியில் விளக்கினார், வானொலியில் பேசினார், மருத்துவச் சொற்களுக்கு ஆங்கில–நவஹோ அகராதி உருவாக உழைத்தார். 1963இல் நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருது அவருக்குக் கிடைத்தது. கிருமி பற்றிய அறிவு ஆங்கிலத்திலேயே அடைபட்டுக் கிடந்திருக்குமானால், அம்மக்களுக்கு அது மற்றொரு மாயாவியின் வாக்காகத்தான் இருந்திருக்கும். மக்கள் மொழியிலே வந்தபோது அறிவாயிற்று. பகுத்தறிவுப் பிரசாரம் செய்வோர் இந்த அம்மையாரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

செலவு, செலவு என்று அலறுவோருக்கு அந்த அரசின் கணக்கே விடை சொல்கிறது. 2002இல், வரவுசெலவு அலுவலகம் அமெரிக்கக் காங்கிரசுக்கு அளித்த அறிக்கை, மொழிபெயர்ப்பாளருக்காகக் கூடும் செலவு ஒரு மருத்துவச் சந்திப்புக்குச் சராசரி 4 டாலர் 4 சென்ட், அதாவது அரை சதவீதம், என்று மதிப்பிட்டது. "பத்துப்பேர் பேசும் மொழிக்கெல்லாம் ஆள் வைக்க முடியுமா?" என்பது மற்றொரு கேள்வி. நியாயமான கேள்விதான். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு மொழிக்கும் ஆள் அமர்த்துவது ஆகாத காரியம். ஆனால் ஆஸ்திரேலியா 1973இலேயே தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிற்று. இன்று நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில், தமிழிலும்கூட, அது நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஊருக்கு வரவேண்டியதில்லை. கம்பி வழியே குரல் வந்தால் போதும்.

மானியத்தின் குணத்தைக் காட்ட அண்மைய ஆண்டுகளே போதும். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிளிண்டன் ஓர் ஆணை பிறப்பித்தார்: மத்திய அரசின் பணம் பெறும் நிலையங்கள், ஆங்கிலம் அறியாதோருக்கும் தம் சேவை எட்டும்படி செய்யவேண்டும் என்று. 2025 மார்ச்சில் டிரம்ப், ஆங்கிலமே ஆட்சிமொழி என்று அறிவித்த கையோடு அதை நீக்கினார். ஒரு கையெழுத்தில் வந்தது, மற்றொரு கையெழுத்தில் போயிற்று. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும் ஏட்டிலே நிற்கின்றன. ஆனால் பின்னதற்கான விதிகளை 2016இல் ஒருவிதமாகவும், 2020இல் குறுக்கியும், 2024இல் மீண்டும் விரித்தும் எழுதினார்கள். ஆட்சிப்பீடத்தில் ஆள் மாறினால் நோயாளியின் செவியும் மாறுமா என்ன?

சட்டத்தில் எழுதிவிட்டால் தீர்ந்துவிடும் என்றும் நாம் மயங்கவில்லை. 2003இல் குழந்தை மருத்துவர் கிளென் ஃபுளோரஸும் தோழர்களும், ஸ்பானிய மொழி பேசும் தாய்மாரின் 13 மருத்துவச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். மொழிபெயர்ப்பில் 396 பிழைகள்! பிழைகளில் 63 சதவீதம் சிகிச்சையையே பாதிக்கக்கூடியவை. முகத்தில் தடவவேண்டிய களிம்பைக் குழந்தையின் உடலெங்கும் தடவச் சொல்லியிருந்தது அவற்றில் ஒன்று. மொழிபெயர்த்தோரில் ஒருவர் 11 வயதுப் பிள்ளை. அவசர நிலை தவிரச் சிறுவரைக் கொண்டு மொழிபெயர்க்கக் கூடாதென்று 2016ஆம் ஆண்டு விதி தடுத்தது. நல்ல விதி. ஆனால், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு மொழிபெயர்ப்பாளருக்கென்று டாக்டருக்குத் தனிக் கட்டணம் தருவதில்லை. ஏழைகளுக்கான காப்பீட்டின் கீழ் மத்திய அரசு பங்கு தரச் சித்தமாயிருந்தும், அதைக் கேட்டுப் பெறும் மாநிலங்கள் சிலவே. ஆள் வைக்கப் பணமில்லாத சிறிய மருத்துவ நிலையத்திலே, விதியை அறிந்த டாக்டர் அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டால், தாயிடம் எந்த மொழியில் பேசுவார்?