படமெடுப்பதில் ஹிம்சை உண்டா?

சென்ற மாசி மாதம் என் பேரன், முட்டையிட வரும் கடலாமைகளைக் காண ஓர் இரவு சென்னைக் கடற்கரைக்குப் புறப்பட்டான். தோளில் புதிய கேமரா தொங்கியது. “அங்கே பிளாஷ் போட்டுப் படமெடுக்கக் கூடாதாம், பாட்டி. நான் ஆமையைத் தொடப்போவதில்லை, துன்புறுத்தப்போவதுமில்லை. வெறுமனே படமெடுப்பதில் என்ன ஹிம்சை இருக்கிறது?” என்று கேட்டான். ஆசிரியப் பணியில் எத்தனையோ வினாக்களுக்கு உடனுக்குடன் விடை சொல்லிப் பழகிய நான், அன்று வாயடைத்து நின்றேன். என் பழைய பெட்டியில் கிடக்கும் ஒரு புகைப்படம் நினைவுக்கு வந்ததே அதற்குக் காரணம்.

1978ஆம் ஆண்டு வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் பணியாற்றி வந்தேன். வகுப்புப் புகைப்படம் எடுக்கும் நாளன்று மாணவன் ஒருவன் புதர்க்காட்டிலிருந்து நட்சத்திர ஆமை ஒன்றைத் தூக்கி வந்தான். இருபதாம் தீர்த்தங்கரராகிய முனிசுவிரத சுவாமியின் இலாஞ்சனம் ஆமையல்லவா? பாடம் சொல்ல ஒரு படம் இருக்கட்டுமே என்று எண்ணினேன். மேசைமீது வைத்ததும் அது தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக் கொண்டது. வெயிலில் நெடுநேரம் காத்திருந்தோம். பிறகு நானே அளவுகோலால் அதன் ஓட்டைத் தட்டினேன். புகைப்படக்காரர் அதைத் தூக்கிப் புரட்டினார். அச்சத்தில் அது நீர் கழித்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசியில் தலை சற்றே வெளியே வந்தது, படமும் கிடைத்தது. அந்தப் படத்தைக் காட்டித்தான் உயிர்களிடத்து அன்பு என்னும் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தினேன்!

வறண்ட நிலத்து ஆமைகளுள் சில, நீரைச் சிறுநீர்ப்பையில் தேக்கி வைத்துக் கோடையைக் கடக்கின்றன என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். நாங்கள் கண்டு சிரித்த நீர், அந்த உயிரின் கோடைக்கால இருப்பாகவும் இருந்திருக்கலாம். அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர்: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். ஒரேயொரு படத்திற்காக இவற்றுள் எத்தனையை நான் தொட்டுவிட்டேன்! கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஹிம்சைக்கு வித்து பிரமாதம், அதாவது விழிப்பின்மை என்றல்லவா நம் அறநூல்கள் கூறுகின்றன?

இனிப் பேரனின் வினாவுக்கு வருவோம். பங்குனி ஆமை எனப்படும் கடலாமை, சென்னைக் கரையில் பெரும்பாலும் தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி நூறு முட்டைகள் அளவில் இடுகிறது. இடம் தேடி ஏறிவரும் வேளையில் வெளிச்சத்தையோ ஆள் நடமாட்டத்தையோ கண்டால், முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். குஞ்சுகளோ கடல்மேல் தெரியும் மெல்லொளியை நோக்கி ஓடும் இயல்புடையவை. வேறு விளக்கு எரிந்தால் வழி தவறும். 1988 முதல் இக்கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காத்துவரும் மாணவர்கள் பிளாஷ் விளக்கைத் தடுப்பது இதனால்தான்.

2015 செப்டம்பரில் கோஸ்டாரிகா நாட்டின் ஒஸ்தியோனால் கடற்கரையில் நடந்ததைப் பாருங்கள். முட்டையிட வந்த ஆமைகளைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. சிலர் குழந்தைகளை ஆமையின் முதுகில் அமர்த்திப் படமெடுத்தனர். வழியின்றிப் பல ஆமைகள் கடலுக்கே திரும்பின. அங்கிருந்தவர்களுள் ஒருவராவது ஆமையை வெறுத்திருப்பாரா? எல்லோரும் அதன்மேல் ஆசை கொண்டு வந்தவர்களே.

ஆகவே, குற்றம் கேமராவில் இல்லை. படத்தை அடைய நாம் நடந்த வழியில் இருக்கிறது. நம் முனிவர்கள் நிலம் நோக்கி நடக்கிறார்கள். ஒரு நூலை எடுத்து வைப்பதானாலும் மயிற்பீலியால் இடத்தைத் துடைத்த பின்பே வைக்கிறார்கள். அந்தச் சமிதிகளின் ஒரு சிறு பங்கையேனும் சிராவகர் கடைப்பிடித்தால், தொலைவில் நின்று, ஒளி பாய்ச்சாமல், கிடைத்த அளவில் நிறைவு கொள்ள முடியும்.

காட்டிலும் கடலிலும் அஹிம்சை சோதிக்கப்படுகிறது என்றால், அடைபட்ட ஆமையைப் படமெடுக்கும் இடத்தில் சத்தியமும் சேர்ந்து சோதிக்கப்படுகிறது. மாமல்லபுரத்திற்கு அருகே 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையில், அருகிவரும் ஆமையினங்களும் பேணப்படுகின்றன. அங்கே ஓட்டைத் தட்டாமல், எவரையும் தூக்கிக் காட்டச் சொல்லாமல் படமெடுத்தால் குறையில்லை. ஆனால் சுவரும் தொட்டியும் தெரியாதவாறு எடுத்து, காட்டிலே கண்டதாகச் சொன்னால் அது பொய். வீட்டில் திருட்டுத்தனமாக வளர்க்கப்படும் நட்சத்திர ஆமையை அழகாகப் படமெடுத்துப் பரப்புவது அதனினும் தீது. பார்ப்பவர் தமக்கும் ஒன்று வேண்டும் என்பார். இவ்வாமை மிகுதியாகக் கடத்தப்பட்டதாலேயே 2019இல் உலக நாடுகள் இதன் பன்னாட்டு வணிகத்திற்கு மிகக் கடுமையான தடை விதித்தன.

அப்படியானால், காட்டில் கண்ட ஆமையின் இடத்தையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டுமா? வேண்டாம். பிறருக்குக் கேடு விளைவிக்கும் உண்மையைப் பேசாதிருப்பதும் சத்திய விரதமே என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விளக்கியுள்ளார். கைப்பேசிப் படத்தோடு எடுத்த இடத்தின் குறிப்பும் பதிந்துவிடலாம்; அதை நீக்கிவிட்டுப் பகிர்வதே முறை.

படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, செய்தித்தாள்களில் வந்த படங்களே பலரின் நெஞ்சைத் தொட்டன. எழுத்து சொல்லாததைப் படம் சொல்லியது.

மறுநாள் பேரன் திரும்பி வந்து ஒரேயொரு படத்தைக் காட்டினான். விடியலில் எடுத்தது. ஈரமணலில் ஆமை வந்துபோன சுவடு மட்டும் அதில் இருந்தது. “ஆமை போன பிறகுதான் எடுத்தேன், பாட்டி” என்றான். நான் என் பெட்டியைத் திறந்து, அந்தப் பழைய படத்தை எடுத்து அவனிடம் கொடுத்தேன். அதைக் கிழித்துவிடலாமா என்று முதலில் எண்ணியதுண்டு. கிழித்தால் என் தவறு மறையுமேயன்றித் தீராது. அது எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதை அதன் பின்புறத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இனி அதைக் காட்டிப் பாடம் சொல்வோர், இரண்டு பக்கத்தையும் காட்டட்டும்.