ஆறிய பேச்சைக் கிளறலாமா?

நிக்காஹ் நல்லபடியாக நடந்து, விருந்தும் முடிந்து, சம்பந்தி வீட்டார் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவர் தொடங்குவார்: "மச்சான், உங்க வாப்பா அன்னைக்கு ஜமாஅத் கூட்டத்துலே எங்க வாப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?" சொன்னவரும் இன்று இல்லை, கேட்டவரும் இல்லை. இருவரும் கபுருக்குப் போய் வருஷங்கள் பல ஆகிவிட்டன. ஆனாலும் அன்று கொடுபடாத பதிலை இன்று கொடுத்தே ஆகவேண்டும் என்று இவருக்கு ஒரு வேகம். பதில் கொடுக்கிறார், அதற்கு எதிர்ப்பதிலும் வருகிறது. பெண்ணை அனுப்பி வைக்கவேண்டிய நேரத்தில் இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். நம் ஊர்களில் இதைக் காணாதவர் யார்?

இது நேற்று வந்த நோயல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் வாழ்ந்திருந்த காலத்திலேயே இதனால் வாள் உருவும் அளவுக்குப் போயிருக்கிறது.

அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு கோத்திரத்தாருக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. அதன் கடைசிப் பெரும்போர் புஆஸ் என்னுமிடத்தில் நடந்தது. ஹிஜ்ரத்துக்குச் சுமார் 5 ஆண்டுகளுக்கு முன், அதாவது கி.பி. 617 வாக்கில். இரு பக்கத்துத் தலைவர்களும் அதில் மாண்டார்கள். பிறகு அல்லாஹ் தஆலா அவர்களுக்கு இஸ்லாத்தைக் கொடுத்தான். வெட்டிக்கொண்ட கைகளே ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. இரு கூட்டத்தாரும் அன்ஸார்கள் என்ற ஒரே பெயருக்கு உரியவர்களானார்கள்.

ஒருநாள் அவர்கள் ஒன்றாக அமர்ந்து அளவளாவிக் கொண்டிருந்ததை ஷாஸ் இப்னு கைஸ் என்ற முதியவர் கண்டார். அவருக்கு அது பொறுக்கவில்லை. வாலிபன் ஒருவனை அழைத்து, அவர்களோடு போய் உட்கார்ந்து புஆஸ் போரைப் பற்றிப் பேச்செடுக்கும்படியும், அன்று இரு தரப்பாரும் பாடிய கவிதைகளைச் சொல்லிக் காட்டும்படியும் ஏவினார். அவ்வளவுதான் அவர் செய்தது. வாலிபன் கவிதையைச் சொன்னான். ஒருவர் பெருமை பேசினார். மற்றவர் பதில் சொன்னார். பேச்சு முற்றி, வேண்டுமானால் அந்தப் போரை மறுபடியும் நடத்திப் பார்ப்போம் என்றாகி, ஆயுதத்தைக் கொண்டுவாருங்கள் என்ற கூக்குரலும் எழுந்தது. ஹர்ரா என்ற கல்வெளிக்கு இரு கூட்டத்தாரும் புறப்பட்டுவிட்டார்கள்.

செய்தி கேட்டு நாயகம் (ஸல்) அவர்கள் முஹாஜிர்களுடன் விரைந்து வந்தார்கள். தாம் அவர்கள் நடுவே இருக்கும்போதே ஜாஹிலிய்யாக் காலத்துக் கூப்பாடா என்று கேட்டார்கள். அப்போதுதான் அந்த ஸஹாபாக்களுக்கு உறைத்தது. ஆயுதங்களைப் போட்டுவிட்டு ஒருவரையொருவர் கட்டித் தழுவி அழுதார்கள். ஆலு இம்ரான் சூராவின் 100-ஆம் வசனம் முதலானவை இதையொட்டி இறங்கியதாக வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் கூறுகிறார். பகைவர்களாயிருந்த உங்கள் இதயங்களை அவனே இணைத்தான், நெருப்புக் குழியின் விளிம்பிலிருந்து காத்தான் என்று 103-ஆம் வசனத்தில் அல்லாஹ் நினைவூட்டுகிறான்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாலிபன் புதிதாக எதையும் இட்டுக்கட்டவில்லை. நடந்த போர்தான், பாடப்பட்ட கவிதைதான். 'நான் உள்ளதைத்தானே சொன்னேன்' என்று நம்மவர்கள் சொல்லும் சமாதானம் அவனுக்கும் பொருந்தும்!

மார்க்க விஷயத்திலும் இதே கதைதான். தராவீஹ் எத்தனை ரக்அத் என்று எந்தக் காலத்திலோ ஓர் ஊரில் வாதம் நடந்திருக்கும். இரு தரப்பு ஆலிம்களும் தத்தம் அமலோடு தங்கள் ரப்பிடம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் அன்றைய நோட்டீஸை ஒருவர் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, ரமலான் பிறை கண்டதும் வெளியே எடுப்பார். மஸ்அலா தெரிய வேண்டுமென்றால் கிதாபு இருக்கிறது, உயிரோடு ஆலிம்கள் இருக்கிறார்கள். இவர் தேடுவது மஸ்அலாவை அல்ல. பதில் சொல்ல முடியாதவரிடம் ஜெயிக்கப் பார்க்கிறார். மரித்தவர்களை ஏசாதீர்கள், அவர்கள் முன்பு அனுப்பிவைத்ததிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்ற கருத்தில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியில் இருக்கிறது.

யூஸுப் (அலை) அவர்களின் நடத்தையைப் பாருங்கள். சகோதரர்கள் பாழுங்கிணற்றில் தள்ளினார்கள். பின்னர் மிஸ்ரில் சிறைவாசம். கடைசியில் பெற்றோரும் சகோதரர்களும் எதிரே நிற்கும்போது அல்லாஹ் தமக்குச் செய்த உபகாரத்தைச் சொல்லிக் காட்டுகிறார்கள். சிறையிலிருந்து வெளியேற்றினான் என்கிறார்கள் (12:100). கிணற்றிலிருந்து ஏற்றியதைச் சொல்லவில்லை! கிணற்றைச் சொன்னால் சகோதரர்கள் தலைகுனிவார்களே என்றுதான் அதை விட்டார்கள் என முபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். குழப்பத்தைக்கூட ஷைத்தானின் தலையில்தான் போட்டார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதையே கேடயமாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு கூட்டத்தாரையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாப்பா மௌத்தாகி 30 வருஷம் ஆகியிருக்கும். ராத்தாவுக்குச் சேரவேண்டிய பங்கைத் தம்பிமார் கொடுக்கவில்லை. அவள் வாய் திறந்தால், "முடிஞ்ச கதையை ஏன் ராத்தா கிளறுறீங்க? குடும்பம் ஒத்துமையா இருக்கிறது பிடிக்கலையா?" என்று கேட்கிறார்கள். நல்ல ஒற்றுமை! கொடுபடாத ஹக் முடிந்த கதையாகாது. சொத்து குறைவோ கூடுதலோ, பெண்களுக்கும் அதில் விதிக்கப்பட்ட பங்கு உண்டு என்று அன்னிஸா சூராவின் 7-ஆம் வசனம் சொல்கிறது. இத்தனை வருஷம் கேட்காதிருந்தால் அது போய்விடும் என்று எங்கும் சொல்லவில்லை. உலகத்துக் கோர்ட்டில் காலக்கெடு இருக்கலாம். தீனாரும் திர்ஹமும் செல்லாத அந்த நாள் வருமுன் அநீதம் செய்தவன் அதை இங்கேயே தீர்த்துக்கொள்ளட்டும் என்பதே நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை.

பழைய தீர்ப்பு எதையும் மாற்றவே கூடாதென்றும் இல்லை. உமர் (ரலி) அவர்களிடம் ஒரு வாரிசு வழக்கு வந்தது. இறந்த பெண்ணுக்குக் கணவர், தாய், தாய்வழிச் சகோதரர்கள், உடன்பிறந்த சகோதரர்கள். கணவருக்குப் பாதி, தாய்க்கு ஆறில் ஒன்று, தாய்வழிச் சகோதரர்களுக்கு மூன்றில் ஒன்று என்று கொடுத்ததும் சொத்து தீர்ந்துவிட்டது. உடன்பிறந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. பின்னர் இதே போன்ற வழக்கு வந்தபோது, அந்த மூன்றில் ஒன்றில் உடன்பிறந்தவர்களையும் கூட்டுச் சேர்த்தார்கள். முன்பு வேறுவிதமாகத் தீர்த்தீர்களே என்று கேட்கப்பட்டதற்கு, அது அன்றைய தீர்ப்பின்படி, இது இன்றைய தீர்ப்பின்படி என்றார்கள். ஷாபிஈ மத்ஹபில் இப்பிந்திய முறையும், ஹனபி மத்ஹபில் முந்திய முறையும் நடைமுறையில் உள்ளன. ஆய்ந்து சொன்ன பழைய தீர்ப்பை உமர் (ரலி) அவர்கள் கிளறி அழிக்கவுமில்லை, அதற்காகப் புதிய உண்மையை மறுக்கவுமில்லை. ஆனால் ராத்தாவின் பங்கு இப்படி இஜ்திஹாதில் வந்த பேதமல்ல. அல்லாஹ்வே வகுத்துக் கொடுத்தது. அதை அமுக்கி வைத்தால் 30 வருஷமானாலும் அது தீர்ப்பாகிவிடாது.

ஆகவே அந்தத் தம்பிமார் அவள் கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆலிமிடம் போய்ப் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கட்டும். இத்தனை காலம் அனுபவித்த வாடகையையும் விளைச்சலையும் பற்றி அப்போதே கேட்டுக்கொள்ளட்டும். ராத்தா மௌத்தாகியிருந்தால் அவளுடைய பிள்ளைகளும் மற்ற வாரிசுகளும் இருப்பார்கள். அவர்களைத் தேடிப்போய்க் கொடுக்கட்டும்.