குரலும் புகழும்

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுவதில்லை என்பது தமிழர் வழக்கு. மலர் தன் மணத்தால் தன்னை அறிவிக்கும். நாடி வருவோரை அந்த மணமே அழைத்து வரும். நற்செயல் புரிவோன் அதனைத் தானே பறைசாற்ற வேண்டியதில்லை என்னும் ஒழுக்கநெறி இவ்வழக்கினுள் அடங்கியிருக்கின்றது. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. மணமில்லாத பொருளுக்கு இந்நெறி எவ்வாறு பொருந்தும்? பதிவு செய்து வைக்கப்பட்ட குரலானது, ஒருவர் விரல் தொட்டு இயக்கும்வரை ஒலியாகவே இருப்பதில்லை. அத்தகைய குரலுக்கு உரியவன் தன் பெயரைத் தானே பரப்ப முற்படுதல் அறமாகுமா, ஆகாதா?

இவ்வினா இக்காலத்தில் வலையொலி என்னும் புதிய கலையால் கூர்மை பெற்றுள்ளது. 'பாட்காஸ்ட்' என்று பலரும் வழங்கும் இக்கலைக்கு அப்பெயரை முதன்முதலில் எழுத்தில் முன்மொழிந்தவர் பென் ஹாமர்ஸ்லி என்னும் இதழாளர். 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் இதழில் அவர் எழுதிய கட்டுரையில் அச்சொல் இடம்பெற்றது. 2005 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் இதற்கு இடம் அளித்தபின், இது விரைந்து பரவலாயிற்று.

வானொலியில் பேச விரும்புவோர்க்கு நிலையத்தாரின் இசைவு வேண்டும். அவ்விசைவைப் பெற்றோர்க்குக் கேட்போரைத் தேடும் கவலை பெரிதும் இல்லை. மலேசியாவின் மின்னல் எஃப்எம், சிங்கப்பூரின் ஒலி 96.8 போன்ற நிலையங்களில் ஒலிக்கும் குரல்களுக்கு, நிலையத்தின் பெயரே ஆயிரக்கணக்கான செவிகளைத் திறந்து வைக்கின்றது. வலையொலியின் நிலையோ வேறு. அங்கே வாயிற்காவலர் இல்லை, எவரும் நுழையலாம். ஆனால் உள்ளே எவரும் காத்திருப்பதும் இல்லை. ஆதலின் பேசுபவனே அழைப்பவனும் ஆக வேண்டியவனாகின்றான். நிகழ்ச்சிக்குப் பெயர், முகப்புப் படம், முகப்பிசை ஆகியவற்றைத் தேர்கின்றான். குறித்த நாளில் தவறாது வெளியிடுகின்றான். பிறர் நிகழ்ச்சிகளில் விருந்தினனாகச் சென்று பேசுகின்றான். சிறு துணுக்குகளை வெட்டிச் சமூக ஊடகங்களில் இடுகின்றான். இவை யாவும் சேர்ந்து உருவாக்கும் அடையாளத்தையே வணிக உலகம் 'பிராண்ட்' என்கின்றது. தமிழில் அதனை முத்திரை எனலாம்.

இம்முயற்சியைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வது செருக்கு என்பர் ஒரு சாரார். கூவாதவன் சரக்கு விலைபோகாது. எனவே எவ்வகையிலேனும் கவனத்தைப் பெறுவதே முதற்கடமை என்பர் மற்றொரு சாரார். முன்னவர் விளக்கைக் குடத்துள் இட்டு வைக்கச் சொல்கின்றனர். பின்னவரோ விளக்கில் எண்ணெய் உண்டா என்று பாராமலே அதனைக் குன்றின்மேல் ஏற்றச் சொல்கின்றனர்.

முதற்கருத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டப்புறத்து மூதாட்டியர் நினைவில் எஞ்சியிருக்கும் தாலாட்டுகளையும் கதைகளையும் ஓர் ஆசிரியர் தேடித் திரட்டி, வலையொலியாக வெளியிடுகின்றார் என்று கொள்வோம். அடக்கம் கருதி அவர் அதனை எவர்க்கும் அறிவிக்கவில்லை. அதனால் இழப்பு யாருக்கு? அவருக்கன்று. அக்குரல்களைக் கேட்டிருக்க வேண்டிய மாணவர்க்கும், கேட்கப்படாமலே மறையும் அம்மூதாட்டியர்க்குமே அவ்விழப்பு. இங்கே அடக்கம் என்று தோன்றுவது உண்மையில் கடமையில் தவறுதலே. மேலும், நற்பொருள் உடையோர் நாணி ஒதுங்கும் இடத்தை ஆரவாரம் உடையோர் விரைந்து நிரப்பிவிடுவர் என்பதும் கருதத்தக்கது. எனவே அறிவித்தல் குற்றமன்று. சில வேளைகளில் அதுவே கடன்.

அங்ஙனமாயின் அறிவிக்கும் முறை யாது? 2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'சீரியல்' என்னும் வலையொலி இதற்கு நல்ல சான்று. 1999இல் நிகழ்ந்த ஒரு கொலை வழக்கைச் சாரா கெனிக் என்னும் இதழாளர் அதில் வாரந்தோறும் ஆராய்ந்தார். 'திஸ் அமெரிக்கன் லைஃப்' என்னும் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சி, தன் நேரத்தையே ஈந்து அதன் முதற்பகுதியை ஒலிபரப்பியது. கேட்டவர் பிறர்க்குச் சொல்ல, ஐடியூன்ஸ் வழியாக 50 இலட்சம் என்னும் எண்ணிக்கையை அதுவரை எந்த வலையொலியும் எட்டாத விரைவில் அது எட்டியது. இங்கே அழைப்பாக அமைந்தது எது? அப்பொருளேயன்றோ! சோற்றுப் பதம் காட்ட ஒரு சோற்றையே எடுத்து வைத்தது போன்ற அழைப்பு அது. கேட்போர் சுவை அறிந்தே உள்ளே நுழைந்தனர், ஏமாற்றப்பட்டு நுழையவில்லை.

இதற்கு மாறான வழியும் உண்டு. வலையொலியின் வளர்ச்சியைப் பதிவிறக்க எண்ணிக்கையால் அளப்பது வழக்கம். ஆனால் இறக்கப்பட்டவை யாவும் கேட்கப்பட்டவை ஆகா. சில நிறுவனங்கள் கைப்பேசி விளையாட்டுகளில் விளம்பரம் வைத்து, விளையாடுவோர் பரிசுப் புள்ளிக்காக அதனைத் தொட்டவுடன் ஒரு பகுதி இறங்குமாறு செய்து, அவர்களையும் கேட்போராகக் கணக்கிட்ட செய்தி 2022இல் அமெரிக்க ஊடகத்தில் வெளியாயிற்று. 2023 செப்டம்பரில் ஆப்பிள் கைப்பேசிகளின் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டபோது, ஒருவர் கேட்பதை நிறுத்திவிட்ட நிகழ்ச்சிகள் தாமாக இறங்குவதும் நின்றது. பல நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை சரிந்தது. உண்மையில் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவரும் அதனால் குறைந்தாரில்லை. இல்லாதவரை எண்ணிய கணக்கே குறைந்தது. பொய்யெண் விளம்பரம் தருவோரை ஏமாற்றுவதோடு நில்லாது. தன் சொல் எவர் நெஞ்சையும் தொடவில்லை என்பதை உணர்ந்து திருந்தும் வாய்ப்பையும் அது படைப்பாளனிடமிருந்து பறித்துவிடுகின்றது.

இதனினும் ஆழமான தீங்கு ஒன்று உண்டு. வலையொலியைப் பெரும்பாலோர் தனிமையில் கேட்கின்றனர். சமைக்கும்போதும் பயணத்தின்போதும் காதருகே ஒலிக்கும் குரல், நாளடைவில் நண்பனின் குரலாகிவிடுகின்றது. அந்நண்பன் ஒரு பொருளைப் புகழ்ந்துரைத்தால், கேட்போர் அதனை விளம்பரமாகக் கொள்ளாமல் அறிவுரையாகவே கொள்வர். விளம்பரதாரர் விலை கொடுப்பது இவ்வுறவுக்கே. 2022 நவம்பரில் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையமும் ஏழு மாநிலங்களும் கூகுள் நிறுவனத்தின் மீதும் ஐஹார்ட்மீடியா வானொலி நிறுவனத்தின் மீதும் நடவடிக்கை எடுத்தன. பிக்சல் 4 என்னும் கைப்பேசியைப் பயன்படுத்தியே அறியாத வானொலி அறிவிப்பாளர்கள், தாம் பயன்படுத்தி மகிழ்ந்ததாகத் தன்மையிடத்தில் பேசினர் என்பது குற்றச்சாட்டு. 2019, 2020ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 29,000 முறை அவ்விளம்பரங்கள் ஒலித்தன. 94 இலட்சம் டாலர் தண்டத்தொகையுடன் அவ்வழக்கு தீர்வு கண்டது.

இங்கே விற்கப்பட்டது எது? கைப்பேசி மட்டுமன்று, கேட்போரின் நம்பிக்கையும் விற்கப்பட்டது. அந்நம்பிக்கை பேசுவோனுக்குச் சொந்தமானதன்று. கேட்போர் அவனிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள் அது. அடைக்கலப் பொருளைக் காப்பவன் அதனைப் போற்றலாம்; அடகு வைத்தல் ஆகாது. இதனால் விளம்பரமே கூடாது என்பதில்லை. ஒலிப்பதிவுக் கருவிக்கும் உழைப்புக்கும் பொருள் வேண்டும். வறுமையில் வாடிக் கலை வளர்க்க வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்துதல் நேர்மையன்று. 'இதற்குப் பணம் பெற்றுள்ளேன்' என்று வெளிப்படையாகக் கூறி, தான் அறிந்ததை மட்டும் அறிந்தவாறு உரைப்பவன் அடைக்கலத்தைக் காத்தவனாகின்றான்.

முத்திரை என்பதன் உண்மைப் பொருளும் இதிலிருந்தே விளங்கும். அது பூசப்பட்ட வண்ணமன்று, கொடுக்கப்பட்ட வாக்கு. நியூ யார்க் டைம்ஸ் நாளிதழ் 2018இல் 'கேலிஃபேட்' என்னும் வலையொலியை வெளியிட்டுப் பீபாடி விருதும் பெற்றது. பயங்கரவாத இயக்கத்தில் கொலைஞனாக இருந்ததாக அதில் கூறிய மனிதர் பொய்யுரைத்தார் என்று 2020 செப்டம்பரில் கனடிய காவல்துறை குற்றஞ்சாட்டியது. அவ்வாண்டு டிசம்பரில் அந்நாளிதழ் தன் பணி உரிய தரத்தை எட்டவில்லை என்று ஒப்புக்கொண்டு விருதைத் திருப்பி அளித்தது. புகழுக்கு அது இழுக்கே. ஆயினும் பிழையை மறைத்துப் பெயரைக் காத்திருந்தால், அப்பெயருக்குள் இருந்த வாக்கு அழிந்திருக்கும்.

திருக்குறளில் 'புகழ்' என்னும் அதிகாரம் 'ஈகை' என்னும் அதிகாரத்தை அடுத்து வைக்கப்பட்டிருக்கும் முறை சிந்திக்கத்தக்கது. கொடுத்தல் முன்னே செல்லப் புகழ் பின்னே வருகின்றது. குரலால் புகழ் தேடுவோர்க்கும் இவ்வரிசை பொருந்தும். அழைப்பு பொருளை உள்ளவாறு காட்டுகின்றதா? அழைத்த முறை முழுவதையும் கேட்போர் அறிய நேர்ந்தாலும் அவர் மனம் கசக்காது இருக்குமா? கேட்டு முடித்தவர் கையில் எஞ்சுவது ஏதேனும் உண்டா? இம்மூன்று வினாக்களுக்கும் தயக்கமின்றி விடை கூற வல்லவன் தன் பெயரை உரக்கச் சொல்லலாம். தயங்குபவன் முதலில் தன் நிகழ்ச்சியைத் திருத்திக்கொள்ளட்டும். விளம்பரம் அதன்பின் ஆகலாம். வருங்காலத்தில் மாணவர் பலர் ஏட்டில் எழுதுவதோடு ஒலிவாங்கியின் முன்னும் அமர்வர். அவர்க்குச் சொல்வன்மையைக் கற்பிக்கும் ஆசிரியர், சொல்லை நம்பிச் செவி கொடுப்போர்பால் உள்ள கடனையும் உடன் கற்பித்தல் வேண்டும்.