அப்புறம் கொடுத்துடலாம்

1620 நவம்பர் நடுவில் 16 ஆங்கிலேயர்கள் கேப் காட் மணல்மேடுகளில் அலைந்துகொண்டிருந்தார்கள். துப்பாக்கி, வாள், கவசம் எல்லாம் இருந்தது. சாப்பாடுதான் போதவில்லை. அவர்கள் வந்த மேஃப்ளவர் கப்பல் கரையோரம் நின்றுகொண்டிருந்தது. முன்னால் நடந்தவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் என்ற படைவீரர். அறுவடை முடிந்த வயல் ஒன்றைத் தாண்டியதும், கையால் தட்டிச் சரிசெய்தது போல ஒரு மணல்மேடு தெரிந்தது. தோண்டினார்கள். முதலில் ஒரு பழைய சின்னக் கூடை வந்தது. இன்னும் தோண்டியதும் பெரிய, புதுக் கூடை. உள்ளே அந்த வருடத்து மக்காச்சோளம். 36 முழுக் கதிர்கள், சில மஞ்சள், சில சிவப்பு, சிலவற்றில் நீலமும் கலந்திருந்தது. மீதி உதிர்த்த மணிகள். கூடையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பக்கத்திலேயே ஒரு கப்பல் கொப்பரையும் கிடைத்தது.

என்ன செய்வது என்று தயங்கி நின்றார்கள். ரொம்ப நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கொப்பரையையும், சுமக்க முடிந்த அளவு சோளத்தையும் எடுத்துக்கொள்வது. சொந்தக்காரர்களைப் பார்த்தால் கொப்பரையைத் திருப்பித் தந்து, சோளத்துக்கு ஈடு கொடுப்பது. மிச்சத்தை மறுபடி புதைத்துவிட்டுக் கிளம்பினார்கள். கொஞ்ச நாளில் திரும்ப வந்து, உறைந்துபோன மண்ணை வாளால் கொத்தி இன்னும் எடுத்தார்கள். மொத்தம் சுமார் 10 புஷல், அதாவது 350 லிட்டர் கொள்ளும் அளவு.

இதெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், எடுத்தவர்களே எழுதிவைத்து 1622இல் லண்டனில் அச்சிட்டதுதான். மறைக்கவில்லை. "இப்போ எடுத்துக்கலாம், அப்புறம் கொடுத்துடலாம்" என்று நாம் சொல்வோமே, அதைத்தான் அவர்களும் சொல்லிக்கொண்டார்கள். அதனால்தான் இந்தக் கதை என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. வெறும் கொள்ளைக்காரர்கள் என்றால் தீர்ப்பு சுலபம். இவர்கள் மனசாட்சியோடு எடுத்தவர்கள். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு எடுத்தால் அது திருட்டு ஆகாதா?

*

பசியில் எடுப்பது பற்றி ஐரோப்பாவில் அப்போதே ஒரு நீண்ட விவாதம் இருந்தது. உயிர் போகும் நிலையில் பிறர் பொருளை எடுத்தால் அது திருட்டே இல்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ் எழுதியிருக்கிறார். மேஃப்ளவர் வந்த ஐந்து வருடம் கழித்து, 1625இல் வெளிவந்த புத்தகத்தில் டச்சுச் சட்ட அறிஞர் ஹ்யூகோ க்ரோஷியஸ் இந்த உரிமைக்கு வரம்புகள் வைத்தார். வேறு வழியே இருக்கக் கூடாது. முடிந்தபோது திருப்பிக் கொடுக்க வேண்டும். முக்கியமாக, பொருளின் சொந்தக்காரரும் அதே அளவு கஷ்டத்தில் இருந்தால் எடுக்கக் கூடாது.

முதல் இரண்டில் இந்த 16 பேரும் கிட்டத்தட்ட தேறிவிடுவார்கள். அந்தக் குளிர்காலத்தில் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் செத்துப்போனார்கள். அந்தச் சோளம் இல்லையென்றால் அடுத்த வருடம் விதைக்கவே எதுவும் இருந்திருக்காது என்று பிளிமத் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் பின்னாளில் எழுதினார். மூன்றாவதில்தான் சிக்கல். அந்தக் கூடையின் சொந்தக்காரர் என்ன நிலையில் இருந்தார்? அவர்களுக்குத் தெரியாது. 1616க்கும் 1619க்கும் இடையில் அந்தக் கடற்கரை முழுக்க ஒரு கொள்ளைநோய் பரவி ஊர் ஊராக அழித்திருந்தது. பிழைத்தவர்கள் விளைவித்து, குளிர்காலத்துக்கும் அடுத்த விதைப்புக்கும் சேர்த்துப் புதைத்துவைத்த தானியம் அது. விதைநெல் என்றால் என்னவென்று தெரிந்த யாருக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒருவருடைய பசியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, எதிரில் இருப்பவருக்குப் பசி இருக்குமா என்று கேட்காமலே இந்த நியாயத்தைப் பேசிவிட முடிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதே பயணத்தில் அவர்கள் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். ஒரு ஆணின் எலும்புகள், ஒரு குழந்தையின் எலும்புகள். கூட வைத்திருந்த அழகான பொருட்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு மறுபடி மூடினார்கள். ஆளில்லாத வீடுகளில் இருந்தும் சிலது எடுத்தார்கள். சமாதானத்துக்கு அடையாளமாக அங்கே கொஞ்சம் பாசிமணிகள் வைத்துவிட்டு வர நினைத்திருந்தார்களாம். அவசரத்தில் வைக்காமலே வந்துவிட்டார்கள். இதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். "கொடுக்கணும்னு நினைச்சேன்" என்பது நமக்குள்ளே ஒரு கணக்கை முடித்துவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பியவருக்கு அந்த எண்ணம் தெரியாது. அவருக்குத் தெரிவது திறந்த கதவும் காணாமல் போன பொருளும் மட்டும்தான்.

*

ஆனால் நிஜமாகவே திருப்பிக் கொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாகிவிடுவேன்.

1621இல் பிளிமத்தில் இருந்து ஜான் பில்லிங்டன் என்ற சிறுவன் காட்டில் வழிதவறிப் போனான். அவன் நாசெட் மக்களிடம் இருப்பதாகத் தகவல் வந்தது. சோளம் அவர்களுடையதுதான். தேடிப்போனவர்கள் வழியில் கம்மாக்விட் என்ற ஊரில் இறங்கினார்கள். இளம் தலைவர் ஐயானோ நன்றாக உபசரித்தார். அங்கே ஒரு கிழவி, வயது நூறு இருக்கும் என்று தோன்றியது, ஆங்கிலேயர்களைப் பார்க்க வந்தாள். பார்த்ததும் கதறி அழ ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டார்கள். 1614இல் தாமஸ் ஹண்ட் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவன், வியாபாரம் செய்யலாம் என்று சொல்லிக் கப்பலுக்கு அழைத்தவர்களை அப்படியே கடத்திக்கொண்டு போய் ஸ்பெயினின் மலாகாவில் விற்றான். இருபதுக்கும் மேற்பட்டவர்கள். அதில் மூன்று பேர் அவள் பிள்ளைகள்.

வந்தவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். ஹண்ட் கெட்டவன், கேள்விப்பட்ட ஆங்கிலேயர் எல்லாருமே அவனைக் கண்டிக்கிறார்கள் என்றார்கள். இந்த நாட்டின் தோல் மொத்தமும் கிடைப்பதாக இருந்தாலும் நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம் என்றார்கள். சில சின்னப் பொருட்களைக் கையில் கொடுத்தார்கள். கிழவி கொஞ்சம் சமாதானமானாள் என்று குறிப்பு சொல்கிறது.

பிறகு நாசெட் போனார்கள். தலைவர் ஆஸ்பினெட் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு வந்து பையனை ஒப்படைத்தார். அவன் உடம்பெல்லாம் பாசிமணி மாலைகள். ஆங்கிலேயர்கள் வீடுகளில் வைக்க மறந்த பாசிமணிகள் நினைவுக்கு வருகிறது. அந்தக் கூட்டத்தில் சோளத்தின் சொந்தக்காரர்களில் ஒருவரும் இருந்தார். அவரிடம், நீங்கள் வந்து வாங்கிக்கொள்கிறீர்களா, இல்லை நாங்கள் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டார்கள். வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். கடன் தீர்ந்தது.

இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. தெற்கே வர்ஜீனியாவில், 1607இல் தொடங்கிய ஜேம்ஸ்டவுனில், சோளம் பலமுறை துப்பாக்கி முனையில் வந்தது. அதோடு ஒப்பிட்டால், தேடிப்போய்ச் சொந்தக்காரரைக் கேட்டது பெரிய விஷயம்.

*

அப்படியென்றால் பிரச்சினை என்ன? சோளத்தை எண்ண முடியும். திருப்பிக் கொடுக்கவும் முடியும். மூன்று பிள்ளைகளை என்ன செய்வது? பிளிமத் இருந்த இடமே பட்டக்ஸெட் என்ற ஊர். கொள்ளைநோயில் ஒழிந்த ஊர். ஹண்ட் கடத்திய டிஸ்குவாண்டம் எப்படியோ ஸ்பெயினில் இருந்து லண்டன் போய், 1619இல் ஊர் திரும்பியபோது அங்கே யாருமே இல்லை. அவருடைய வயலில்தான் குடியேறிகள் சோளம் போட்டார்கள், எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தவரும் அவரே. சோளத்துக்கு ஈடு கொடுத்தவர்களுக்கு, அந்த வயலும் ஒரு கடன் என்று தோன்றவில்லை. இங்கிலாந்து அரசர் 1620இல் கொடுத்த பட்டயத்தில் அந்தக் கொள்ளைநோய் கடவுளின் ஏற்பாடு போலவே குறிப்பிடப்படுகிறது.

எது கடன், எது கடனில்லை என்பதை வாங்கியவரே தீர்மானித்தார். 1630க்குப் பிறகு மாசசூசெட்ஸ் வளைகுடாவுக்குப் பத்து வருடத்தில் சுமார் 20,000 பேர் வந்தார்கள். அவர்களின் தலைவர் ஜான் வின்த்ரோப் ஒரு வாதம் வைத்தார். இந்த மக்கள் நிலத்துக்கு வேலி போடவில்லை, கால்நடை வைத்து மேம்படுத்தவில்லை. அவர்களுக்குப் போதுமானதை விட்டுவிட்டு மீதியை நாம் எடுத்துக்கொள்ளலாம். போதுமானது எவ்வளவு என்று சொல்வது யார்? வந்தவர்களின் பன்றிகளும் மாடுகளும் பூர்வகுடிகளின் சோள வயல்களில் இறங்கின. அப்போது குடியேற்றச் சட்டங்கள் அந்த மக்களையே வேலி போடச் சொன்னன.

இதை உள்ளே இருந்தே கேள்வி கேட்ட ஒருவர் இருந்தார். ரோஜர் வில்லியம்ஸ். அரசருக்குச் சொந்தமில்லாத நிலத்தை அரசர் எப்படிக் கொடுக்க முடியும் என்று கேட்டார். 1635இல் அவரை நாடுகடத்தத் தீர்ப்பானது. 1636இல் நாராகான்செட் தலைவர்களிடம் நிலம் பெற்று பிராவிடன்ஸ் ஊரை அமைத்தார். ஆனால் நாற்பது வருடம் கழித்து, போரில் பிடிபட்ட பூர்வகுடிகளை ஊர் விற்றபோது, அதை ஒழுங்குசெய்த குழுவில் அவரும் இருந்தார். சரியான கேள்வியைக் கேட்டவர் கூட அந்தக் கேள்விக்குள்ளேயே கடைசி வரை வாழ முடியவில்லை.

விலை கொடுத்து வாங்கினால் சரியாகிவிடுமா? பென்சில்வேனியாவில் வில்லியம் பென் 1682 முதல் லெனாபே மக்களிடம் பேசி, விலை கொடுத்து வாங்கினார். அவர் மகன்கள் காலத்தில் ஒரு பழைய பத்திரம் வெளியே வந்தது. ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் வரை நிலம் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார்கள். 1737இல் அவர்கள் வேகமான ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பாதையை முன்கூட்டியே செப்பனிட்டு ஓடவிட்டார்கள். சுமார் 12 லட்சம் ஏக்கர் கைமாறியது. பத்திரம் இருந்தது, கையெழுத்து இருந்தது, அளவும் இருந்தது. ஆனால் அது திருட்டு.

*

நாசெட்டின் ஆஸ்பினெட்டும் கம்மாக்விட்டின் ஐயானோவும் 1623இல் இறந்தார்கள். ஸ்டாண்டிஷ் வெஸ்ஸாகஸெட்டில் சிலரைக் கொன்ற செய்தி பரவி, பயந்து சதுப்புநிலங்களில் ஒளிந்து, அங்கே நோய் கண்டு செத்தவர்களில் அவர்களும் உண்டு. பையனைத் திருப்பித் தந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை.

1621இல் பிளிமத்தோடு உடன்படிக்கை செய்து, 90 ஆட்களோடு வந்து மூன்று நாள் விருந்துண்ட மாசசாய்ட்டின் மகன் மெட்டகாம். 1675இல் அவர் போரில் இறங்கினார். அடுத்த ஆண்டு கொல்லப்பட்டார். தலை பிளிமத்தில் ஈட்டியில் செருகி வைக்கப்பட்டது. ஒன்பது வயது மகன் சிறையில் இருந்தான். அவனைக் கொல்லலாமா கூடாதா என்று போதகர்கள் வேத வசனங்களைப் புரட்டி வாதாடினார்கள். 1677இல் அடிமையாக விற்றார்கள். அதைக் கருணை என்றும் சிலர் நினைத்திருக்கக்கூடும்.

நாட்டின் தோல் மொத்தமும் கிடைத்தாலும் செய்ய மாட்டோம் என்று கிழவியிடம் சொன்ன 56 வருடத்தில் அது நடந்தது. சொன்னபோது பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. உண்மையாகவே நம்பித்தான் சொல்லியிருப்பார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதி, அடுத்து எடுப்பதைப் பார்க்கவிடாமல் செய்துவிடுகிறது. சோளக் கணக்கு தீர்ந்ததால் தங்களைக் கடன் இல்லாதவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் திருப்பிக் கொடுப்பதில் அர்த்தமே இல்லையா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அந்த முழுக் கதையிலும் ஒரே ஒரு இடத்தில், எடுத்தவர்கள் சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்து, எப்படி வேண்டும் என்று கேட்டார்கள். அவர் தன் விருப்பத்தைச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. அதே கேள்வியை வயலுக்கும், கல்லறைக்கும், அந்தக் கிழவியின் பிள்ளைகளுக்கும் கேட்டிருந்தால், பதில் அவர்களால் தாங்க முடியாததாக இருந்திருக்கும். அதனால் கேட்கவில்லை.

நாமும் "அப்புறம் கொடுத்துடலாம்" என்று சொல்லும்போது, எவ்வளவு என்பதையும் நாமே சொல்லிவிடுகிறோம். சோளத்தின் சொந்தக்காரர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. கூடையைத் தூக்க எத்தனை ஆள் வேண்டும் என்பது மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.