யாரிடம் பொய் சொல்கிறோம்?

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: ஏற்கெனவே ஏதேனும் நோய் இருக்கிறதா? முப்பது வயதில் அதை யோசிக்காமல் 'இல்லை' என்று நிரப்பிவிடலாம். ஓய்வுபெறப் போகிறவருக்கு அந்த ஒரு கேள்விதான் மொத்த விண்ணப்பமும்.

அப்பா அடுத்த வருடம் தனியார் நிறுவன வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். இதுவரை இருந்தது நிறுவனத்தின் குழுக் காப்பீடு, அதில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத இளைஞர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய இருப்பார்கள், கணக்கு சரியாகிவிடும். நோய் வரும் வயதில்தான் மனிதரைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்தி, உனக்கு என்ன வியாதி என்று விசாரிக்கிறோம்.

பாலிசி விற்க வந்தவர் சுலபமாகச் சொன்னார். "சுகர்னு போடாதீங்க சார். பிரீமியம் ஏறும், மூணு வருஷம் வெயிட்டிங் வேற." அப்பாவுக்கும் அது பெரிதாகப் படவில்லை. "சுகரெல்லாம் ஒரு வியாதியாடா? தெருவுக்கே இருக்கு. அவன் என்ன தர்மத்துக்கா கம்பெனி நடத்துறான்?" வள்ளுவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்: நன்மை வருமென்றால் பொய்யும் மெய்க்குச் சமம்தானே?

மாட்டிக்கொள்வோம் என்பது ஒரு பதில். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை' என்று மருத்துவர் எழுதினால் போதும், பணம் வராது. ஆனால் அது பயம், அறம் இல்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதிப்படி, 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால் நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு காரணம் சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது. சரி, மாட்டவே மாட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தவறா?

வள்ளுவர் பொய்க்கு இடம் தருவது குற்றமற்ற நன்மை விளையும்போது மட்டும். அந்த நிபந்தனையை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறோம். காப்பீடு ஒரு பெரிய சீட்டு மாதிரி. சீட்டுப் பணத்தை எடுத்தவர் ஏமாற்றினால் அடிபடுவது சீட்டு பிடிப்பவர் மட்டுமில்லை. செலவு கூடினால் அந்தப் பாலிசியில் இருக்கிற எல்லோருக்கும் பிரீமியம் ஏறும். உண்மையைச் சொல்லி, அதற்காகவே கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஊர் ரிட்டயர்டு வாத்தியாருக்கும் சேர்த்துத்தான். நம் பொய் போய்ச் சேருவது அவரிடம்.

அதற்காக அப்பாவின் கோபம் தவறு என்று ஆகிவிடாது. காப்பீட்டில் இருதரப்பும் முழு நம்பிக்கையோடு நடக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநிறுத்தியது 1766-இல் லண்டனில் மான்ஸ்ஃபீல்டு பிரபு அளித்த தீர்ப்பு. சுமத்ராவின் பென்கூலன் கோட்டை எதிரியிடம் விழுந்தால் பணம் வேண்டும் என்று அதன் ஆளுநர் கார்ட்டர் காப்பீடு எடுத்திருந்தார். கோட்டை 1760-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது. பலவீனத்தை மறைத்துவிட்டார் என்று காப்பீடு தந்தவர் வாதாடித் தோற்றார். தானாகவே தெரிந்துகொண்டிருக்க வேண்டியதை அவர் மறைக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது என்றார் நீதிபதி. இன்று பாலிசிதாரருக்கு எதிராக நீட்டப்படும் கோட்பாடு, பாலிசிதாரர் ஜெயித்த வழக்கில் வந்தது! உண்மை பேசும் கடமை இரண்டு பக்கமும் உண்டு. நுணுக்கி எழுதிய விலக்குப் பட்டியலை நீட்டும் ஏஜெண்டுகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தில் சர்க்கரையை எழுதினோம். பிரீமியம் ஏறியது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதம் (முன்பு 48). அந்த மூன்று வருடத்துக்கு கிராஜுவிட்டியில் ஒரு பகுதியைத் தொடாமல் எஃப்.டி.யில் வைப்பதாகத் திட்டம். உண்மை சொன்னதற்கான விலை அது, அப்பாவே கட்டுகிறார்.

70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று மத்திய அரசு 2024-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை விரிவாக்கியது. அதில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை உண்டு, காத்திருப்பு கிடையாது. ஆக, வேலையில் இருக்கும்வரை வேண்டாத கேள்வி, எழுபதுக்குப் பிறகும் வேண்டாத கேள்வி, நடுவில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மட்டும் ஏன் வேண்டியிருக்கிறது என்று அப்பா கேட்கிறார்.