கரையில் நிற்பவர் கடமை

ஒரு கடமையைச் சிலர் நிறைவேற்றிவிட்டால் ஏனையோர் மீதிருந்து அது நீங்கிவிடும் என்று நம் சட்ட நூல்கள் கூறும். ஃபர்ளு கிஃபாயா என்பது அதன் பெயர். ஜனாஸாத் தொழுகையை இதற்கு எடுத்துக்காட்டாக நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். ஊரில் சிலர் தொழுதால் ஊரார் அனைவரின் பொறுப்பும் தீரும். ஒருவருமே தொழாவிடில் செய்தி அறிந்தோர் அனைவரும் குற்றவாளிகள். ஆனால் பசித்தவனுக்கு உணவளிப்பதும், ஆடையற்றவனுக்கு ஆடையளிப்பதும், நீரில் மூழ்குகிறவனைக் கரையேற்றுவதும் இதே வகைக் கடமைகளே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஜகாத்தும் பொதுநிதியும் போதாதபோது இத்தகைய துன்பங்களைத் துடைப்பது வசதியுள்ளோர் மீது இவ்வகைக் கடமையாகும் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' காட்டும் சட்டம்.

அவ்வாறாயின், புயலும் வெள்ளமும் வந்தபோது சேவைச் சங்கத்தார் இறங்கிப் பணியாற்றுகின்றனரே, அதனால் நம் கடமை தீர்ந்துவிட்டதா? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

சிந்தாதிரிப்பேட்டையில் வாழ்வோர்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1734ஆம் ஆண்டில் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளரைக் குடியமர்த்த எழுந்த ஊர் இது. சின்னத் தறிப் பேட்டை என்பதே மருவி இப்பெயர் ஆயிற்று என்பர். கூவம் இவ்வூரை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 2015 டிசம்பர் முதல் நாளில் சென்னையும் சுற்றுப்புறமும் வரலாறு காணாத மழையைக் கண்டன. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாற்றங்கரையில் நேர்ந்த அழிவே பெரிது. எனினும் கூவக் கரையோரத்துக் குடிசைகளையும் வெள்ளம் விட்டுவைக்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 12இல் வர்தா புயல் நகரத்து மரங்களைப் பல்லாயிரக்கணக்கில் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது.

அந்நாட்களில் நிகழ்ந்த சேவையைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. 1929 முதல் இந்நகரில் இயங்கும் ரோட்டரி சங்கத்தார், அரிமா சங்கத்தார், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், ஜமாஅத் இளைஞர், எந்தச் சங்கத்திலும் பெயர் பதியாத தெருப்பிள்ளைகள் எனப் பலரும் இடுப்பளவு நீரில் இறங்கினர். பள்ளிவாசல்கள் தங்குமிடங்கள் ஆயின. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் முஸ்லிம் இளைஞர்கள் சேறு படிந்த கோயில்களையும் கூட்டிக் கழுவினர். யார் வீட்டு அடுப்பு என்று பாராமல் சோறு பகிரப்பட்டது. பேரிடர் வந்தால் நம் மக்கள் மனிதர்களாகி விடுகின்றனர். ஏனைய நாட்களில் அவ்வாறு இருப்பதற்குத்தான் ஏதோ தடை!

நிற்க. உணவுப் பொட்டலம் வழங்கும் நாட்கள் ஒரு வாரமோ இரு வாரமோ. அதன்பின் வருவது வேறொரு காலம். ஊறிப்போன சுவர் காய வேண்டும். தையல் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வேண்டும். குடும்ப அட்டை, பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் யாவும் நீரோடு போயிருக்கும். 2015இல் அரசு சிறப்பு முகாம்கள் வைத்து நகல் வழங்கிற்று. ஆயினும் எழுத்தறியாத ஒருவர் எந்த வரிசையில் நிற்பது, எந்தத் தாளை நிரப்புவது? அருகிலிருந்து அதனை நிரப்பித் தரும் ஒருவர் பத்துப் பொட்டலம் தருபவரினும் அப்போது தேவைப்பட்டார். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் வேண்டுவாரின்றிக் குவிந்து கிடந்த பழந்துணிகளை நாம் மறந்திருக்க மாட்டோம். கொடுப்போரிடம் இருந்ததெல்லாம் அங்கே சென்றது. பெறுவோருக்கு வேண்டியது செல்லவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் தம் காலத்து அறிஞர்களைக் கடிந்துகொள்ளும் இடம் ஒன்றுண்டு. சட்டக்கல்விக்கு ஆட்கள் நிறைந்து வழிகிறார்கள். ஊருக்கு மருத்துவர் இல்லை, அக்கடமையை ஏற்பாரும் இல்லை என்று வருந்துகிறார். மருத்துவமும் கிஃபாயாவே. பத்துப் பேர் செய்வதையே பதினோராவது ஆளும் செய்யப் போனால் மற்றொரு கடமை ஆளின்றிக் கிடக்கும். வெள்ளத்துக்குப்பின் நாம் காண்பதும் இதுவே அன்றோ?

வகுப்பில் ஒரு மாணவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், ஒருவன் மூழ்குகிறான். நீந்தத் தெரிந்த ஒருவர் குதித்துவிட்டார். கரையில் நிற்கும் மற்றவர் தம் வழியே போகலாமா?" நல்ல கேள்வி. குதித்ததால் கடமை தீர்வதில்லை, கரையேற்றினால்தான் தீரும். குதித்தவர் களைத்துப் போனால் மற்றவர் மீது அது மீண்டும் வந்து நிற்கும். உஸூல் அறிஞர்கள் இதனை இன்னும் நுணுக்கிச் சொல்வர். பிறர் செய்து முடித்துவிட்டனர் என்னும் மிகைத்த எண்ணம், உறுதிக்கு அருகான எண்ணம், ஒருவருக்கு இருந்தால்தான் அவர் விடுபடுவார். அந்த எண்ணம் தக்க சான்றின்மேல் நிற்க வேண்டும், சோம்பலின்மேல் அன்று.

நம் காலத்தில் அந்த எண்ணம் நமக்கு எங்கிருந்து வருகிறது? நிழற்படங்களிலிருந்து வருகிறது! பதாகையின் முன்னே நின்று அரிசி மூட்டை வழங்கும் காட்சியைப் பார்க்கிறோம். "பாவம், நன்றாகச் செய்கிறார்கள்" என்று சொல்லி நிம்மதியாக உறங்கச் செல்கிறோம். இத்தகைய விளம்பரத்தில் முகஸ்துதி உண்டென்று கண்டிப்போர் பலர். நமக்கு அதனினும் பெரிதாகத் தோன்றும் தீங்கு வேறு. முகஸ்துதி கொடுத்தவரின் கூலியைத்தான் கெடுக்கும். இந்தப் படமோ பார்த்தவரின் கடமையுணர்வையே கெடுத்துவிடுகிறது. முடியாத பணி முடிந்துவிட்டது போன்ற எண்ணத்தை ஊர் முழுவதற்கும் வழங்கிவிடுகிறது.

விளம்பரமின்றி நன்கொடை வாராது என்று சங்கத்தார் கூறுவர். அதிலும் நியாயமுண்டு. பொதுப்பணம் வாங்கியவர் கணக்கைப் பொதுவில் வைத்தே ஆக வேண்டும். அதில் மறைவு கூடாது. ஆனால் கணக்கு வேறு, பெறுகிறவரின் முகம் வேறு. பதாகை கட்டத்தான் வேண்டுமெனில் அதில் கொடுத்ததன் எண்ணிக்கையை எழுதாமல் எஞ்சியதன் எண்ணிக்கையை எழுதட்டும். இத்தெருவில் இத்தனை வீடுகளுக்கு இன்னும் கூரை இல்லை, இத்தனை பிள்ளைகளுக்கு இன்னும் புத்தகம் இல்லை என்று எழுதினால், படிப்பவர் உறங்கச் செல்ல மாட்டார்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 18இல், கொடும் பஞ்சம் வந்தது. சாம்பல் ஆண்டு என்று அதனை அழைப்பர். பாலைவனத்து மக்கள் மதீனாவைச் சூழ்ந்து தங்கினர். கலீஃபா அவர்களுக்கு உணவு சமைத்தளித்ததையும், மக்கள் உண்ணும்வரை தாம் நெய்யைத் தொடாதிருந்ததையும் நாம் மேடைகளில் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அதன் பிற்பகுதியை ஏனோ சொல்வதில்லை. மழை பெய்தபின் அம்மக்களை அவர்கள் தம் இருப்பிடங்களுக்கு உணவும் வாகனமும் தந்து அனுப்பி வைத்தார்கள். பசி தீர்ந்தது என்று கைகழுவவில்லை. மீண்டும் தம் ஆடுமாடுகளோடு அவர்கள் வாழத் தொடங்கும் இடம்வரை பொறுப்பு நீண்டது.

இமாம் ஜைனுல் ஆபிதீன் அவர்கள் இரவுகளில் மாவு மூட்டைகளைத் தம் முதுகில் சுமந்து மதீனாவின் ஏழை இல்லங்களில் வைத்துச் செல்வார்கள். கொடுத்தவர் யாரென்று எவரும் அறியார். அவர்கள் மறைந்தபின் மூட்டை வருவது நின்றது, அப்போதுதான் அறிந்தார்கள். மறைத்துக் கொடுத்தார்கள் என்பதையே நாம் புகழ்கிறோம். எத்தனை ஆண்டுகள் சுமந்தார்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல், தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை இலட்சக்கணக்கில் வீழ்த்திற்று. சென்னையிலிருந்தும் லாரிகள் சென்றன. போர்வையும் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் சென்றன. மறு ஆண்டு நட்ட நாட்டுத் தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் அத்தோட்டக்காரரின் மகள் கல்லூரிக் கட்டணம் எப்படிக் கட்டினாள் என்று கேட்டு எத்தனை லாரிகள் திரும்பிச் சென்றன?

நம் பேட்டைக்கே வருவோம். 2015 வெள்ளத்துக்குப்பின் கூவக் கரையோரத்துக் குடும்பங்கள் பல, 20 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பெரும்பாக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. கரை பாதுகாப்பானது. ஆனால் மீன் சந்தையில் கூடை சுமந்தவருக்கும், வீட்டுவேலை செய்த பெண்ணுக்கும் பிழைப்பு இங்கேயே நின்றுவிட்டது. மிக்ஜாம் மழையில் பெரும்பாக்கமும் நீரில் நின்றது. வெள்ள நாட்களில் இக்கரைக் குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் நம் சங்கங்களிடம் இருந்தது. பொட்டலம் கொடுத்து வாங்கிய கையொப்பங்களும் அதில் இருந்தன. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கத்துக்குப் பேருந்து ஏற, நம்மில் யார் ஆயத்தம்?