ஒருசந்தியும் ஊன்றுகோலும்

முதுமையில் குறைவாக உண்பதே நன்று என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றியுள்ளது. காலையில் ஒரு குவளைக் கஞ்சி, இரவில் இரண்டு இட்லி. அதுவே மிகுதி என்பார் பாட்டி. தவக்காலம் வந்தால் நாள்தோறும் ஒருசந்தி. அதைப் பக்தியென்று நாம் மெச்சுகிறோம். அது உண்மையில் அறந்தானா?

முதியோர் கீழே விழுந்தால் வழுக்கும் தரையையும் மங்கிய கண்ணையும் குறை கூறுகிறோம். அவர்கள் உண்ணும் தட்டை நோக்குவதில்லை. வயது ஏற ஏறத் தசை மெலிகிறது. புரதம் குறைந்தால் இன்னும் விரைவாக மெலிகிறது. தொடைத்தசை நலிந்தவர் கால் இடறினால் உடலை நிலைநிறுத்த இயலாது. நீர் போதாதபோது, எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். கால்சியமும் வைட்டமின் டி-யும் குறைந்த எலும்பு விழுந்தால் எளிதில் முறியும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் அறிவித்தது; அவர்களுள் 60 வயதைக் கடந்தோரே மிகுதி.

முதியோர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பர் ஊட்டச்சத்து வல்லுநர். 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 50 கிராமேனும் தேவை. முட்டை ஒன்று தருவது ஏறத்தாழ 6 கிராம். கஞ்சியும் ஊறுகாயும் தருவது சொற்பமே. எனவே பருப்பு, பால், தயிர், மீன் ஆகியவை வேளைதோறும் பகிர்ந்து இடம்பெற வேண்டும். பல்லில்லாதவர்க்கு மசித்துத் தர வேண்டும். சிறுநீரக நோயுள்ளோர்க்கு மருத்துவரே அளவு கூற வேண்டும்.

திருச்சபை இதில் தாயுள்ளத்தோடு நடந்துகொள்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி (எண் 1252), 60-ஆம் வயது தொடங்கும்போது ஒருசந்திக் கடமை முடிகிறது. சுத்தபோசனம் தொடர்ந்தாலும் முட்டை, பால், மீன் அதில் விலக்கப்படவில்லை. முதியோர்க்குத் தவமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. செபமும் பிறரன்பும் அவர்களுக்கு ஏற்ற தவங்களே. சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்திருந்த எலியாவை வானதூதர் இருமுறை எழுப்பி உண்ணச் செய்தார். அந்த உணவின் வலிமையால் அவர் 40 நாள் நடந்தார் (1 அர 19:4-8). நடப்பதற்கு வலிமை தரும் உணவும் இறைவனின் கொடையே.

பாட்டியே வேண்டாம் என்கிறார் என்று நாம் ஒதுங்கிவிடலாமா? அவர் மறுப்பது நோயினாலா, மகனுக்குச் சுமையாகக் கூடாதென்னும் அச்சத்தினாலா என்று கேட்டறிவது நம் கடமை. பெற்றோர்க்கு உரியதைக் 'கொர்பான்' என்று சொல்லி மறுத்தவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார் (மாற் 7:9-13). காணிக்கையின் பெயராலேயே கடமையை மறுக்கலாகாது எனில், சிக்கனத்தின் பெயரால் மறுப்பது எவ்வாறு தகும்? நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டமும் உணவைப் பிள்ளைகளின் கடமையாகவே வைத்துள்ளது.

விழுந்தபின் மருத்துவமனைக்கு ஓடும் நாம், விழுவதற்குமுன் அவர்களோடு ஒரே பந்தியில் அமர்வோம். அவர்கள் தட்டில் இடும் முட்டையும் பருப்பும் நாம் போடும் பிச்சையல்ல. நான்காம் கட்டளைப்படி நாம் செலுத்த வேண்டிய கடன்.